இரையைக் கண்டு ஓடும் டரான்டுலாவுக்கு உணவு கொடுத்த அனுபவம்

டரான்டுலா வளர்ப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உணவு கொடுப்பது ஒரு வேலையே இல்லை. மூடியைத் திறந்து ஒரு சுவர்க்கோழியைப் போட்டால், சிலந்தி பாய்ந்து பிடித்துக்கொள்ளும். என்னிடம் இருக்கும் டரான்டுலா செம்பி அப்படி இல்லை. சுவர்க்கோழி மண்ணில் இறங்கியதுமே முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு பின்வாங்குவாள். அது இன்னும் கிட்டே வந்தால் பெட்டியின் சுவரில் ஏறி ஒரு மூலையில் ஒடுங்கி, கால்களையெல்லாம் தலைக்கு மேல் மடக்கி உட்கார்ந்துவிடுவாள். பூச்சியை வெளியே எடுத்த பிறகும் இரவு முழுக்க அதே இருப்புதான். இப்போது பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். அந்த நிலைக்கு எப்படி வந்தோம் என்பதை, சரிப்பட்டு வராத முயற்சிகளையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

செம்பி பிராக்கிபெல்மா ஹமோரி இனம். மெக்சிகோவின் பசிபிக் கரையோர மாநிலங்களான ஹலிஸ்கோ, கொலிமா பக்கத்துக் காடுகளில் வாழ்வது. கால் முட்டிகளில் செம்மஞ்சள் நிறம் இருப்பதால் கடைகளில் ரெட் நீ என்ற பெயரில் விற்கிறார்கள். கால் நுனியிலிருந்து எதிர்க்கால் நுனிவரை அளந்தால் 9 செ.மீ. இன்னும் முழு வளர்ச்சி இல்லை. உரித்துப் போட்ட தோலை வைத்துப் பார்த்துப் பெண் என்று உறுதி செய்தோம். நான் இருப்பது லண்டனில். பிரிட்டனில் டரான்டுலா வளர்க்க உரிமம் தேவையில்லை. ஆனால் ரெட் நீ சிலந்திகளின் சர்வதேச வணிகத்தை 1985-இலிருந்தே சைட்ஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச ஒப்பந்தம்) கட்டுப்படுத்துகிறது. வளர்ப்பிடத்தில் பிறந்த குஞ்சு என்பதற்கு விற்பவரிடம் ரசீதோ கடிதமோ கேட்டு வாங்குங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2022-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, சைட்ஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, இது பயமா அல்லது தோல் உரிக்கப் போகும் பட்டினியா என்பதை. உரிப்பதற்கு முன்னால் டரான்டுலாக்கள் வாரக்கணக்கில், பெரியவை மாதக்கணக்கில்கூடச் சாப்பிடாது. அது இயற்கை, அதில் நாம் தலையிடக் கூடாது. வயிறு பெருத்துப் பளபளவென்று இருக்கும். டரான்டுலா மிரண்டால் வயிற்றிலிருந்து அரிக்கும் ரோமத்தை உதைத்துத் தள்ளும்; அப்படி ரோமம் உதிர்ந்த வழுக்கைப் பகுதி வயிற்றில் இருந்தால், வெளிறி இருந்த தோல் கறுத்துவிடும், ஏனென்றால் அடியில் புது ரோமம் வந்திருக்கும். செம்பிக்கு இவை எதுவும் இல்லை. வழுக்கை வெளிறியே இருந்தது. வயிறும், முன்னுடலை மூடியிருக்கும் தலைமார்பு ஓட்டைவிடச் சின்னதாகச் சுருங்கியிருந்தது. வெர்னியர் அளவுகோலைக் கண்ணாடிக்கு வெளியே வைத்து உத்தேசமாக அளந்தேன்: ஓட்டின் அகலம் 17 மி.மீ., வயிற்றின் அகலம் 14 மி.மீ. ஓட்டின் அகலத்துக்குச் சமமாக, அல்லது அதைப்போல ஒன்றரை மடங்கு வயிறு இருந்தால் நல்லது. தண்ணீர்க் கிண்ணம் நிரம்பியிருந்தது, கால்கள் உடலுக்கு அடியில் சுருளவில்லை, நடையிலும் குறை இல்லை. ஆக நோய் இல்லை. பசி இருக்கிறது, வருகிற இரைதான் பிடிக்கவில்லை.

எல்லோரும் சொல்வதுபோல முதலில் இரையின் அளவைக் குறைத்தேன். சிலந்தியின் வயிற்று நீளத்துக்கு மேல் இரை இருக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. அதில் பாதிக்கு வந்து, 8 மி.மீ. பழுப்புச் சுவர்க்கோழியைப் போட்டேன். அதற்கும் ஓடினாள். சுவர்க்கோழியின் தொல்லை அதன் பருமனில் இல்லை, ஓயாமல் அலைவதில் இருக்கிறது. அதன் மீசை செம்பியின் பின்னங்காலைத் தொட்ட மாத்திரத்தில் அவள் வயிற்றிலிருந்து ரோமத்தை உதைத்துத் தள்ளினாள். டரான்டுலாவுக்கு எட்டுக் கண்கள் இருந்தும் பார்வை மங்கல்தான். காலில் உள்ள ரோமங்கள் வழியே அதிர்வாகவும் காற்றசைவாகவும்தான் அது உலகத்தை அறிகிறது. பெட்டிக்குள் ஒரு சுவர்க்கோழி குதித்துக்கொண்டே இருந்தால், நான்கு பக்கமிருந்தும் யாரோ தட்டிக்கொண்டே இருப்பதாக அதற்குத் தெரியும்.

அடுத்து மாவுப்புழு. மெதுவாக ஊர்கிறது, குதிக்காது என்ற நம்பிக்கையில் போட்டேன். கவனிப்பதற்குள் மண்ணுக்குள் போய்விட்டது. மாவுப்புழு மண்ணில் இறங்கினால் அங்கேயே கூட்டுப்புழுவாகி வண்டாக வெளியே வரும். அதற்குள் சிலந்தி தோல் உரித்தால், மெத்தென்று கிடக்கும் உடம்பைக் கடிக்கவும் கூடும். ஆகவே மண்ணைக் கிளறித் தேடி எடுக்க வேண்டியதாயிற்று. செம்பிக்கு அது இன்னொரு கலவரம். தீனிக்காக விற்கும் டூபியா கரப்பான் இன்னும் சாது, ஆனால் ஆபத்து என்று பட்டால் செத்ததுபோல அசையாமல் கிடந்துவிட்டு, பிறகு மண்ணில் புதைந்துகொள்கிறது. மாவுப்புழுவானாலும் டூபியாவானாலும் தலையை நசுக்காமல் உள்ளே விடாதீர்கள்.

பிறகு, கொன்ற சுவர்க்கோழியை 25 செ.மீ. எஃகு இடுக்கியில் பிடித்து நீட்டினேன். இதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். ஒரு முறை அவள் பயத்தில் திரும்பிக் கடித்தது பூச்சியை அல்ல, இடுக்கியை. பல் உலோகத்தில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. பல் முறிந்தால் அடுத்த தோல் உரிப்புவரை சாப்பிடுவதே சிரமம். அன்று முறியவில்லை. எஃகு இடுக்கி அதோடு சரி. இப்போது அதைக் காய்ந்த இலை, எச்சம் பொறுக்க மட்டுமே வைத்திருக்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகுதான் உணவை விட்டுவிட்டுப் பெட்டியைப் பார்த்தேன். கடையில் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்த அமைப்பு இது: 30 × 30 × 30 செ.மீ. கண்ணாடி, அடியில் 4 செ.மீ. தென்னைநார்த் தூள், மேலே பாதித் தேங்காய்ச் சிரட்டை. சிரட்டையின் வாய் அவள் உடம்பைப்போல இரண்டு மடங்கு அகலம். உள்ளே போனாலும் முதுகு எதிலும் படாது. தரையிலிருந்து மூடிக்கு 26 செ.மீ. உயரம், கண்ணாடியில் ஏறி அங்கிருந்து விழுந்தால் தரைவாழ் டரான்டுலாவின் வயிறு கிழிந்து செத்தே போகலாம். போதாததற்கு, பெட்டி இருந்த அலமாரி சுவருக்கு அந்தப் பக்கத்தில் துணி துவைக்கும் இயந்திரம். அது சுழலும்போது அலமாரியில் கை வைத்தால் எனக்கே அதிர்வு தெரிந்தது.

ஒளிய இடம் இல்லாத சிலந்தி வேட்டையாடாது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். தன் பொந்தின் வாசலில் இருந்துகொண்டு வருவதைப் பிடிப்பதுதான் இந்த இனத்தின் பழக்கம். வாசலே இல்லாத வீட்டில் எல்லா இரையும் அதற்கு எதிரிதான்.

ஒரு சனிக்கிழமை மதியம் பெட்டியை மாற்றினேன். தென்னைநார்த் தூள் மூன்று பங்கு, உரமோ மருந்தோ கலக்காத மேல்மண் ஒரு பங்கு கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும், ஆனால் தண்ணீர் சொட்டாது என்கிற ஈரத்தில் 16 செ.மீ. கெட்டித்தேன். மூடிக்கு இடைவெளி இப்போது 14 செ.மீ. அவள் கால் விரிப்பைப்போல ஒன்றரை மடங்கு, அதற்கு மேல் தேவையில்லை. கார்க் மரப்பட்டையில் 6 செ.மீ. விட்டமுள்ள ஒரு குழலைச் சாய்வாகப் பாதி புதைத்து, உள்ளே விரலால் 7 செ.மீ. ஆழம் தோண்டி ஒரு தொடக்கம் கொடுத்தேன். வாசலைச் சுற்றி ஓக் இலைச் சருகு. பெட்டிக்கு அடியில் பழைய யோகா பாயை இரண்டாக மடித்துப் போட்டு, இயந்திரத்திலிருந்து தள்ளியிருக்கும் அறைக்குக் கொண்டுபோனேன். அங்கே வெப்பம் 21 டிகிரி. விளக்கோ வெப்பத் தகடோ வைக்கவில்லை. இந்த இனத்துக்கு அறை வெப்பமே போதும்.

இடம் மாற்றும்போது மூக்குக்கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டேன், முகத்தைப் பெட்டிக்கு மேலே கொண்டுபோகவில்லை. லீட்ஸ் நகரில் ஒருவர் தன் சிலி நாட்டு டரான்டுலாவின் தொட்டியைச் சுத்தம் செய்யும்போது அது உதறிய ரோமங்கள் அவர் கண்ணின் கருவிழியில் குத்தி நின்றதை, 2009-இல் லான்செட் மருத்துவ இதழில் மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். கண் சிவந்து வெகு நாள் வலித்த பிறகுதான் காரணமே தெரிந்ததாம். படித்ததிலிருந்து நான் கண்ணாடி இல்லாமல் மூடியைத் திறப்பதில்லை.

புதுப் பொந்தில் அவளை விட்டபின் எதுவும் போடாமல் விட்டுவிட்டேன். தண்ணீர் மட்டும் ஊசியில்லா சிரிஞ்சால் நிரப்பினேன். கொஞ்ச நாளில் குழலுக்குள்ளிருந்து மண் உருண்டைகள் வெளியே வர ஆரம்பித்தன. அவளே தோண்டுகிறாள் என்று அர்த்தம். வாசல் விளிம்பில் மெல்லிய நூல் படிந்ததும் உணவு முயற்சியை மறுபடி தொடங்கினேன்.

இப்போது செய்வது இப்படி. டூபியா கரப்பான் குஞ்சுகளை 12 முதல் 15 மி.மீ. அளவில் வாங்கி, இரண்டு நாள் கேரட் துண்டும் ஓட்ஸும் கொடுத்து வயிறு நிரப்பி, சின்ன டப்பாக்களில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். ஒரு இரவு போதும். உணவு நாளன்று ஒன்றை எடுத்து, டிஷ்யூவில் சுற்றி மேஜைமேல் ஒரு மணி நேரம் வைப்பேன். நடுவில் குளிர்ச்சி இருக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் முழுக்க மெத்தென்று இருக்க வேண்டும். பிறகு அதன் அடிவயிற்றில் பிளேடால் 2 மி.மீ. கீறல். கசியும் ஈரம்தான் முக்கியம். டரான்டுலாவின் கால் நுனிகளுக்கும் வாயருகே உள்ள சிறு கைகளுக்கும் தொட்டுச் சுவை அறியும் திறன் உண்டு. காய்ந்த ஓட்டைத் தொட்டபோது செம்பி கண்டுகொள்ளவே இல்லை. கீறிய பக்கத்தைத் தொட்டதும் நின்றாள்.

நீட்டுவதற்கு 30 செ.மீ. மூங்கில் குச்சி, கபாப் போட விற்பது. கூர்மையான நுனியை வெட்டிவிட்டு, முனையைக் கத்தியால் 2 செ.மீ. பிளந்து, பிளவில் கரப்பானின் ஒரு காலைச் செருகினால் இறுக்கமில்லாமல் பிடித்துக்கொள்ளும். சிலந்தி இழுத்தால் உடனே கழன்று வரும். அதைக் கடித்தாலும் பல்லுக்குக் கேடில்லை.

நேரம் இரவு 9 மணிக்கு மேல். அறை விளக்கை அணைத்து, தூரத்தில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு. மூடியை முழுதும் திறப்பதில்லை; மேலிருந்து விழும் நிழலும் காற்றும் அவளை உள்ளே தள்ளிவிடுகின்றன. முன்பக்கக் கதவைக் குச்சி நுழையும் அளவுக்கு நகர்த்தி, தரையோடு தரையாகக் குச்சியைக் கொண்டுபோய், கரப்பானை வாசல் நூலின்மேல் வைத்துவிட்டுக் கையை அசைக்காமல் வைத்திருப்பேன். அப்புறம், குச்சியின் மறுமுனையை நகத்தால் ஒரு தட்டு. அவ்வளவுதான். இரையை ஆட்டுவது, காலில் இடிப்பது, துரத்துவது எதுவும் கூடாது. ஒரு சின்ன அதிர்வு நூல் வழியே உள்ளே போகும். வர விரும்பினால் வருவாள். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, வராவிட்டால் கரப்பானை வாசலில் ஒரு பாட்டில் மூடிமேல் விட்டுவிட்டுக் கதவை மூடிவிடுவேன்.

முதல் சில முறை அந்தப் பாட்டில் மூடி காலையிலும் அப்படியே இருந்தது. பிறகு ஒரு காலை அது காலி. மூடி கவிழ்ந்து கிடந்தது, வாசலில் புதிதாக வெள்ளை நூல் விரிப்பு. அடுத்த தடவை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தாள். முதலில் ஒரு கால் நுனி மட்டும் நூலில் பட்டது. சிறு கைகள் இரண்டும் கரப்பானின் கீறலைத் தடவின. கண்ணிமைக்கும் நேரத்தில் அதைக் கவ்விக் குச்சியிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். பிறகு இரையைப் பல்லில் பிடித்தபடியே வட்டமாகச் சுற்றி, வயிற்று நுனியால் நூல் பரப்பிவிட்டு அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டாள். என் மகள் பின்னாலிருந்து, "அப்பா, மூச்சு விடாதீங்க, ஓடிடப் போறா" என்று கிசுகிசுத்தாள். எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. பெட்டியின் ஓர் ஓரத்தில் ஒடுங்கியே கிடந்த உயிர் தன் வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்ப்பது சாதாரணமில்லை.

செத்த இரையில் ஒரு கவனம் தேவை. உயிருள்ள பூச்சி மீந்தால் ஓடிக்கொண்டிருக்கும், தெரியும். செத்தது மீந்தால் அழுகும். 24 மணி நேரத்துக்கு மேல் விடவே கூடாது. பூஞ்சையும் குட்டி ஈக்களும் சிற்றுண்ணிகளும் அங்கேதான் தொடங்கும். பாட்டில் மூடி வைப்பதன் நோக்கமும் இதுதான்: ஈரம் மண்ணில் இறங்காது, எடுத்துக் கழுவிவிடலாம். சாப்பிட்டு முடித்துச் சக்கையை உருண்டையாகத் துப்பியிருந்தால் அதையும் இடுக்கியால் பொறுக்கிவிடுவேன். மண்ணில் கொஞ்சம் ஸ்பிரிங்டெயில் பூச்சிகளை விட்டிருக்கிறேன். தவறவிட்ட துணுக்குகளை அவை பார்த்துக்கொள்கின்றன.

என்னிடம் இருக்கும் இன்னொன்று கரிபேனா வெர்சிகலர் குஞ்சு. கரிபியனில் மார்ட்டினிக் தீவைச் சேர்ந்த மரவாழ் இனம். குஞ்சாக இருக்கும்போது உடம்பு நீலமாக இருக்கும். 2.5 செ.மீ.தான். இதற்குப் பழ ஈயைக் கண்டாலே உதறல். இதற்கு வேறு வழி: கொன்ற சுவர்க்கோழியின் பின்னங்கால் தொடையை மட்டும் வெட்டி, வெட்டுவாய் ஈரமாக இருக்கும்போதே, வலைக் குழாயின் வாயருகே நூலில் ஒட்டவைத்துவிடுவேன். மண்ணில் போட்டால் இறங்கி வந்து எடுக்காது. வலையில் ஒட்டினால் சில மணி நேரத்தில் காணாமல் போகிறது. இதன் டப்பாவில் காற்றோட்டம் குறைந்தால் இந்த இனம் பிழைக்காது. ஆகவே பக்கவாட்டில் சூடான ஊசியால் நிறையத் துளைகள் போட்டு, மீந்த தொடையை மறுநாள் தவறாமல் எடுக்கிறேன்.

சிலி நாட்டு ரோஸ் ஹேர் டரான்டுலா வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் செய்து பார்த்தும் அது சாப்பிடவில்லையென்றால் பதற வேண்டாம். அந்த இனம் மாதக்கணக்கில் சும்மா இருக்கும். வயிறு சுருங்காதவரை தண்ணீர் வைத்துவிட்டு விட்டுவிடுங்கள்.

செம்பியை மறுபடி உயிருள்ள இரைக்குப் பழக்க முடியுமா என்றும் பார்த்தேன். தலை நசுக்கிய மாவுப்புழு நரம்புத் துடிப்பால் கொஞ்ச நேரம் நெளியும். அதை வாசலில் வைத்தால் தயங்கித் தயங்கி எடுக்கிறாள். முழு உயிரோடு ஒரு சிறு டூபியாவை வைத்தபோது உள்ளே போய் வாசலில் மண்ணை அடைத்துக்கொண்டாள். அதோடு விட்டுவிட்டேன். கொன்ற இரையில் சத்துக் குறைவு எதுவும் இல்லை. வேட்டையாடினால்தான் சிலந்தி என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. செத்துக் கிடப்பதை இயற்கையிலும் டரான்டுலாக்கள் தின்னும்.

செலவு: கார்க் குழல் 9 பவுண்ட், தென்னைநார்த் தூள் கட்டிகள் 5, மேல்மண் 4, டூபியா ஒரு டப்பா 4, மூங்கில் குச்சி ஒரு கட்டு 1, ஸ்பிரிங்டெயில் 6. மொத்தம் 29 பவுண்ட். சுவர்க்கோழி டப்பா ஒன்று ஏறக்குறைய 3 பவுண்ட். அதில் பாதி எப்போதும் செத்து நாறும், மீதி இரவெல்லாம் கத்தும். ஃப்ரீசரில் வைத்த டூபியா ஒரு டப்பா இரண்டு சிலந்திகளுக்கும் மாதக்கணக்கில் வருகிறது. டப்பாவின்மேல் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள், வீட்டில் மற்றவர்களும் ஃப்ரீசரைத் திறப்பார்கள்.

அடுத்த முறை குஞ்சு வாங்கினால், பெட்டியை முதலில் முழுதாகத் தயார் செய்து, வாசலில் நூல் படிந்த பிறகே முதல் உணவை வைப்பேன். கார்க் குழலும் 5 செ.மீ. விட்டத்தில் போதும், 6-இல் செம்பி ஒரு பக்கத்தை மண்ணால் நிரப்பித்தான் தனக்கு வேண்டிய அளவுக்குக் குறுக்கிக்கொண்டாள். முன்பக்கக் கதவில் அடிவிளிம்புக்கு அருகே 8 மி.மீ. துளை ஒன்று போட்டு, ரப்பர் அடைப்பான் வைத்தால், கதவையே நகர்த்தாமல் குச்சியை விடலாம். வாடிக்கையாக வாங்கும் அக்ரிலிக் கடையில் அந்த மாதிரிக் கதவுக்கு 7 பவுண்ட் கேட்டிருக்கிறார்கள்.

வெர்னியரில் இன்று வயிறு 21 மி.மீ. வழுக்கைப் பகுதியின் ஓரம் கறுக்க ஆரம்பித்திருக்கிறது. இந்த வாரத்திலிருந்து உணவு நிறுத்தம், தண்ணீர் மட்டும். தோல் உரித்தபின் பற்கள் வெள்ளையிலிருந்து சிவந்து, முழுக்கக் கறுக்கும்வரை காத்திருந்து, சின்னக் கரப்பான் ஒன்றில் மறுபடி தொடங்க வேண்டும்.